அப்பாவின்னா யாருலே?

ஏலே, வா, இந்தக் கயித்துக் கட்டில்ல உக்காரு. மூஞ்சியப் பாரு, அவிச்சு வச்ச பனங்கெழங்கு மாதிரி. ரெண்டு நாளா வீட்டுக்குள்ளயே அடஞ்சு கெடக்கன்னு உங்காச்சி சொன்னா. பேப்பர் படிச்சுக் காட்டக்கூட வரல. என் கண்ணுல பொற விழுந்து கெடக்குன்னு தெரியுமில்ல, ரெண்டு நாளா நாட்டுல என்ன நடக்குன்னே எனக்குத் தெரியாது.

பொண்ணு வீட்டுக்காரவுக 'பெறவு பாப்போம்'னுட்டாக, அவ்ளவுதான? 'பெறவு பாப்போம்'னா என்னன்னு வக்கீலுக்குப் படிச்சவனுக்கு நானா சொல்லித் தரணும்? கோர்ட்டுல வாய்தா போட்டா வழக்கு உசுரோட இருக்குன்னு அர்த்தம். கல்யாணத்துல வாய்தா போட்டா கேசு முடிஞ்சு கட்டு கட்டியாச்சுன்னு அர்த்தம். போகட்டும் விடு. ஒத்தப் பொண்ணு, மதுரையில மாடி வீடு, மாப்பிள்ளைய அங்கனயே வச்சுக்கிடுவாகளாம். மாப்பிள்ளயா கேட்டாக, மாடிக்கு வாச்மேன்லா கேட்டிருக்காக.

உன் விசனம் எனக்குத் தெரியும். பொண்ணு போனது கூட இல்ல. பெண்ணப் பெத்தவரு நம்ம ஊருல வந்து விசாரிச்சப்ப எவனோ 'பையன் அப்பாவி'ன்னு சொல்லியிருக்கான். நல்ல சொல்லுதான, அதக் கேட்டுட்டு ஏன் எந்திரிச்சுப் போனாருன்னு உனக்கு வெளங்கல. பாவம், அந்த மனுசன் செவ்வாக்கெழம சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி, முக்குக் கடையில சுக்குக்காப்பி ஒண்ணு சொல்லி, ஆமவடையில இருந்த வத்தல நிமிட்டி எடுத்து எலையோரமா வச்சுட்டு, 'இந்தப் பையன் எப்பிடி'ன்னு கேட்டிருக்காரு. 'அவன் அப்பாவி'ன்னு பதில் வந்துருக்கு. ரெண்டாவது வடைய அவரு தொடவே இல்ல. வந்த பஸ்ஸு திரும்பி வரயில அதுலயே ஏறிட்டாரு.

நீ என்ன நெனச்சிருப்ப? நியாயம், அநியாயம். சுத்தம், அசுத்தம். தர்மம், அதர்மம். அந்தக் கணக்குல பாவி, அப்பாவி. பாவம் செய்யாதவன். சரிதான், நானும் அப்பிடித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். நம்ம ஊர்ப்புற நூலகத்துக்கு வார தமிழ் வாத்தியார் ஒருநா கேட்டாரு: 'பெரியவரே, அநியாயத்துக்கு நடுவுல ஒத்து எழுத்து வரல, அசுத்தத்துக்கு வரல. அப்பாவிக்கு மட்டும் அந்த ப் எங்க இருந்து வந்துது?' அன்னைக்கு ராத்திரி பூரா எனக்கு ஒறக்கம் இல்லலே.

தமிழ்ல அ-ன்னா சுட்டு. அ, பையன், அப்பையன். அ, பக்கம், அப்பக்கம். அந்தக் கணக்குல அ, பாவி, அப்பாவி. அந்தப் பாவி! வடமொழிக் கதவு வழியா உள்ள வந்தா பாவம் செய்யாதவன்; தமிழ்க் கதவு வழியா வந்தா வெரல நீட்டி 'அந்தா நிக்கான் பாரு பாவி'. ஒரே சொல்லு, ஒரே எழுத்து. பெண்ணப் பெத்தவரு எந்தக் கதவு வழியா வந்தாரோ, யாரு கண்டா?

எனக்கு ஒரு ரோசன உண்டு, சரியோ தப்போ. கோபம், லாபம்னு சொல்லிப் பாரு. நடுவுல ஒத்தப் ப வந்தா நம்ம வாயி அத அழுத்திச் சொல்லாது, கொழஞ்சு போயிரும். அபாவின்னு எழுதுனா சவசவன்னு இருக்கும். போதாக்குறைக்கு அபாவம்னு வேற ஒரு சொல்லு தர்க்க சாஸ்திரத்துல கெடக்கு, ஒண்ணு இல்லாம இருக்கதுக்குப் பேரு. அப்ப அபாவின்னா ஆளே இல்லன்னு ஆயிருமில்ல? அதான் நம்மாளுக பல்லக் கடிச்சு ஒரு ப் வச்சு, ஆணி அடிச்ச மாதிரி அப்பாவின்னு நிறுத்திட்டாகன்னு நெனைக்கேன். வாத்தியாருகிட்ட சொன்னேன். 'இருக்கலாம்'னாரு. வாத்தியாரு 'இருக்கலாம்'னா, 'பெரியவருகிட்ட எதுக்கு வம்பு'ன்னு அர்த்தம்.

பாவமுன்னு ஒரு சொல்லு இருக்கே, அது இதுக்கு மேல கள்ளன். வடக்க இருந்து பாபமா வந்து, இங்கன வாய் பட்டுப் பாவம் ஆச்சு. செஞ்சவனுக்கு நரகம். ஆனா பஸ் ஸ்டாண்டுல பிக்பாக்கெட் அடிச்சவனப் பிடிச்சு நாலு பேரு மொத்தும்போது, கூடை வச்சிருக்க கெழவி என்ன சொல்லுதா? 'பாவம், விட்டுருங்கய்யா.' பாவம் பண்ணவனும் பாவம். பர்சப் பறிகொடுத்தவன் தலையில கைய வச்சு உக்காந்திருக்கான், அவனும் 'ஐயோ பாவம்'. பாவம் செஞ்சவனுக்கும் செய்யாதவனுக்கும் ஒரே சீட்டுக் கிழிச்சுக் குடுக்கற பாஷ நம்ம பாஷ. இதுல பரதநாட்டியம் ஆடுதவுக மொகத்துல காட்டுததுக்கும் பாவம்னு எழுதுதாக. அது வேற சொல்லுதான், வந்து சேந்த எடந்தான் ஒண்ணு. இருந்தாலும் பொய்ச் சாட்சி சொல்லுதவன் மொகத்தப் பாத்திருக்கியா? பாவத்த மறைக்க அவன் காட்டுத பாவம் இருக்கே, பாக்கதுக்கே பாவமா இருக்கும்.

நீ கேப்ப, வேற சொல்லு சொல்லியிருந்தா பொண்ணு கெடச்சிருக்குமான்னு. வா, ஒவ்வொண்ணாப் போட்டுப் பாப்போம்.

உங்க கோர்ட்டுச் சொல்லையே எடு. 'பையன் நிரபராதி.' முடிஞ்சுது! காப்பித் தம்ளர் கையில நடுங்கும். 'என்ன கேசு?'ன்னு கேப்பாரு. குத்தமே சொல்லாதவன நிரபராதின்னு சொன்னா குத்தம் இருக்குன்னு ஆயிருது பாரு. அபராதம்னா வடமொழியில குத்தம். நாம அத உண்டியல்ல போடுத காசாக்கிட்டோம். உங்கப்பன் தலைக்கவசம் போடாம வண்டி ஓட்டி 1000 ரூவா அபராதம் கட்டுனான்லா? அதுக்கு முந்துன நிமிசம் வரைக்கும் அவன் நிரபராதி. அந்த அபராதத்துக்கும் அடியில வில்லும் அம்பும் கெடக்காம். குறி பாத்து விட்டது படாமப் போறதுதான் அதுக்கு மொதப் பொருளுன்னு சமஸ்கிருதம் படிச்சவுக சொல்லுதாக. நம்ம தவறுங்க சொல்லும் அப்பிடித்தான? கை தவறுச்சு, குறி தவறுச்சு, கால் தவறுச்சு. அந்தக் காலத்து ஆளுக்குக் குத்தம்னா கெட்ட எண்ணம் இல்ல, அம்பு பக்கத்து மரத்துல போயிச் சொருவுனது. இப்ப அம்பு போயி வாய்தா வந்திருக்கு.

'குற்றமற்றவன்'னு செந்தமிழ்ல சொல்லலாமே? சொல்லலாம். குத்தம்னா பழைய தமிழ்ல பழுது, ஓட்டை, கீறல். நன்னூல்ல ஒரு நூலுக்குப் பத்துக் குத்தம் எழுதி வச்சிருக்காரு பவணந்தி. கம்மியாச் சொல்லுதது குத்தம், கூடச் சொல்லுதது குத்தம், சொன்னதையே சொல்லுதது குத்தம். மற்றொன்று விரித்தல்னு ஒண்ணு, சொல்ல வந்தத விட்டுட்டு வேற எங்கயோ போறது. அது என் குத்தம். சென்று தேய்ந்து இறுதல்னு ஒண்ணு, அது என் முட்டி. பத்துக் குத்தமும் இல்லாத புஸ்தகம் கெடைக்கும், வாங்கி அலமாரியில வைக்கலாம். குத்தமில்லாத மாப்பிள்ளைய எங்க வைக்க?

கோவலன் கதைய நெனச்சுப் பாரு. மதுரையில சிலம்பு விக்கப் போனான். ராணி சிலம்பத் திருடுன பொற்கொல்லன் அந்தப் பழிய இவன் தலையில கட்டுனான். பாண்டியன் நின்னு விசாரிக்கல, வெட்டச் சொல்லிட்டான். பெறவு கண்ணகி வந்து சிலம்ப ஒடச்சுக் காட்டுதா. ராணி சிலம்புக்குள்ள முத்து, இவ சிலம்புக்குள்ள மாணிக்கம். இத விடத் தெளிவான தடயம் உங்க கோர்ட்டுல வந்திருக்கா? ஆக கோவலன் நிரபராதி. ஆனா 'கோவலன் அப்பாவி'ன்னு உங்காச்சி முன்னால சொல்லிப் பாரு, தொவையல் அரைச்ச கையோட வருவா. மாதவி வீட்டுலயே கெடந்து கைப்பொருள் பூராவும் அழிச்சுட்டு, கடைசியில பொண்டாட்டி கால்ல கெடந்ததக் கழட்டிட்டுப் போனவன் அப்பாவியா? சிலம்பு கேசுல அவன் மேல குத்தமில்ல. மத்த கேசு எல்லாம் அப்பிடியேதான் நிக்கி. நிரபராதி வேற, அப்பாவி வேறன்னு இதுக்கு மேல யாரு சொல்லணும்?

அதோட விட்டாரா இளங்கோ? ஒண்ணும் செய்யாத மனுசன் செத்தான்னு எழுதி முடிக்க அவருக்கும் மனசு வரல போல. மதுராபதித் தெய்வத்தக் கூட்டியாந்து, போன பொறவிக் கட்ட அவிழ்த்து வைக்காரு. கோவலன் முன்னால பரதன்னு ஒரு ஆளாம், சிங்கபுரத்துல. யாவாரத்துக்கு வந்த சங்கமன ஒற்றன்னு ராசாகிட்டப் போட்டுக் குடுத்துக் கொல்ல வச்சானாம். அவன் பொண்டாட்டி நீலி சாபம் விட்டு உசுர விட்டாளாம். பாத்துக்கோ, இந்தப் பொறவியில கை சுத்தமா இருந்தாலும் பத்தாது. பழைய பைல் எங்கயாச்சும் கெடக்கும், எடுத்துட்டு வந்துருவாக.

உண்மையான அப்பாவி அந்தக் கதையில கண்ணகிதான். வாயத் தொறக்காம எல்லாத்தையும் பொறுத்தவ. அவதான் மதுரைய எரிச்சதும். எரிக்கும்போதும் கொழந்தைகளையும் மூத்தவங்களையும் விட்டுருன்னு தீக்கடவுளுக்குச் சொல்லி வச்சா பாரு, அங்கன வாசிக்கும்போது எனக்கு எப்பவும் ஒரு நிம்மதி.

கண்ணகிய நெனச்சா எனக்கு வெகுளிங்க சொல்லு ஞாபகம் வரும். இப்ப வெகுளின்னா என்ன? சூதில்லாத ஆளு, வாயில ஈ போனாலும் தெரியாத ஆளு. தொல்காப்பியத்தத் தொறந்து பாரு, எட்டு மெய்ப்பாட்டுல ஒண்ணு வெகுளி. அதுக்கு அங்கன பொருளு கோவம்! வள்ளுவர் வெகுளாமைன்னு 31-ஆவது அதிகாரமே வச்சிருக்காரு, கோவப்படாதய்யான்னு பத்துக் கொறளு. இன்னைக்கும் 'வெகுண்டு எழுந்தான்'னு பேப்பர்ல போடுதான், நீதான் படிச்சுக் காட்டுன. வெகுண்டவன் ஒருத்தன், வெகுளி ஒருத்தன். கோவக்காரன் எப்பிடிலே அப்பாவி ஆனான்?

நான் கணக்குப் போட்டு வச்சிருக்கது இது. சட்டுனு கோவப்படுதவன் மனசுல ஒண்ணும் பூட்டி வைக்க மாட்டான். வந்தத அப்பவே கொட்டிருவான். அவன் கோவத்துக்கு ஊருல யாரும் பயப்பட மாட்டாக. 'அவன் வெகுளிப்பய, கத்திட்டுப் போயிருவான்'ம்பாக. கோவத்தப் பாத்துப் பயம் போனப்ப, கோவத்தோட பேரே பாவப்பட்ட பேரா மாறியிருக்கும். பயப்பட வேண்டியது கத்தாதவனுக்கு. சிரிச்சுக்கிட்டே சுக்குக்காப்பி வாங்கிக் குடுக்கான் பாரு, அவனுக்கு. 'பையன் வெகுளி'ன்னு சொல்லியிருந்தா, பழைய தமிழ் படிச்சவரா இருந்தா 'அடிப்பானோ'ன்னு பயந்திருப்பாரு. புதுத் தமிழ் படிச்சவரா இருந்தா 'அடி வாங்குவானோ'ன்னு பயந்திருப்பாரு.

'வெள்ளந்தி'ன்னு சொல்லியிருக்கலாமேங்க. வெள்ள மனசு, வெள்ளச் சோளம், எல்லாம் வெள்ளதான். ஆனா வள்ளுவர் புல்லறிவாண்மை அதிகாரத்துல வெண்மைன்னு எதச் சொல்லுதாரு தெரியுமா? அறிவே இல்லாம, தன்ன அறிவாளின்னு நெனச்சுக்கிட்டுத் திரியுத செருக்க. வெள்ளறிவுன்னாலும் அதே கததான். வெள்ளைக்கு ரெண்டு பக்கமும் சோறு போடுத நாக்குலே இது.

எங்கப்பன் பனையேறுனவரு, உனக்குத் தெரியும். வெள்ளையப் பத்தி அவரு கிட்டக் கேக்கணும். சாயங்காலம் கலயத்தக் கட்டும்போது உள்ள சுண்ணாம்பு தடவுவாரு. விடியக்காலம் எறக்குனா பதநீரு. கொழந்தைக்குக் குடுக்கலாம், கோயிலுக்குக் குடுக்கலாம், காச்சுனா கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாம விட்டா? அதே மரம், அதே பாளை, அதே சாறு. சில மணி நேரத்துல நொரை கட்டிரும், கள்ளு. 1987 சனவரி 1-ல இருந்து நம்ம ராச்சியத்துல அதுக்குத் தடை, பிடிச்சா கேசு. மரம் என்னலே பாவம் பண்ணுச்சு? பாளைக்கு எது கள்ளு எது பதநீருன்னு தெரியுமா? கலயத்துக்குள்ள ரெண்டு வெரலு சுண்ணாம்பு. அத வச்சுத்தான் ஒண்ணு நிரபராதி, ஒண்ணு குத்தவாளி. இதுல சுண்ணாம்பும் வெள்ள, கள்ளும் வெள்ள. வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்புதவன இந்தக் காட்டுல விட்டா சாயங்காலத்துக்குள்ள தள்ளாடிக்கிட்டு வருவான்.

பனைமரத்தடியில பாலு குடிச்சாலும் கள்ளுன்னுதான் சொல்லுவாகன்னு சொலவட கெடக்கு. அத எல்லாரும் குடிச்சவனுக்குப் புத்தி சொல்லுத மாதிரிச் சொல்லுவாக, ஏன்யா அங்கன போயி உக்காந்தன்னு. பாத்துட்டு வந்து சொன்னவனுக்கு அந்த நேரத்துல பனங்காட்டுல என்ன சோலின்னு ஒருத்தனும் கேக்க மாட்டான்.

'சூதுவாது தெரியாத பையன்.' இது கேக்க நல்லாருக்கு, இல்லியா? பிரிச்சுப் பாரு. சூதுன்னா பகடை, வாதுன்னா வழக்காடுதது. ஏலே, நீ வக்கீலு! வாது தெரியாதுன்னு சொன்னா உன் பொழப்புல மண்ணு விழுந்துரும். பொண்ணுக்கு எப்பிடிலே சோறு போடுவ? தருமருக்குச் சூது தெரியாது. தெரியாதுன்னாலும் பரவால்ல, ஆடுததுக்குப் போயி உக்காந்தாரு பாரு. நாடு போச்சு, தம்பிமாரு போனாக, பொண்டாட்டியும் போனா. ஆனா வாது அவருக்கு நல்லாவே தெரியும். துரோணர் கிட்ட 'அசுவத்தாமன் செத்தான்'னு ஓங்கிச் சொல்லிட்டு, யானங்க சொல்ல வாய்க்குள்ள முனங்குனாரே. அது வரைக்கும் தரையில படாம நாலு வெரக்கட மேல ஓடுன அவரு தேரு, அன்னைக்கு எறங்கிப் பூமியத் தொட்டுதாம்.

சிரிக்காத, நானும் ஒரு தடவ அந்த மாதிரி சத்தியம் பண்ணியிருக்கேன். எனக்கு அப்ப உன் வயசு இருக்கும். ஒரு தோப்புல தேங்கா களவு போச்சுன்னு எங்க நாலு பேர அம்மன் கோயில் முன்னால நிறுத்தி, சூடத்த ஏத்தி அணைக்கச் சொன்னாக. 'இந்தக் கை தேங்காயத் தொட்டிருந்தா அம்மா கேக்கட்டும்'னு பட்டுனு அணைச்சேன். தொரட்டியில பறிச்சு, கால வச்சு உருட்டி, சாக்குக்குள்ள தள்ளுனதுலா அது, கை எங்க தொட்டுது? ஊரே என்னய அப்பாவின்னுது. தருமருக்குத் தேரு எறங்குச்சு. எனக்குத் தேரு இல்ல, அதனால ஒண்ணும் எறங்கல.

சூடம் அணைக்கதெல்லாம் சின்ன சோதன. நாகர்கோயில் பக்கத்துல சுசீந்திரம் கோயில் இருக்குல்லா? சுசின்னா சுத்தம். அகலிகை விசயத்துல பண்ண பாவம் தீர இந்திரன் அங்கன வந்து சுத்தமானான்னு தலபுராணம். அந்த ஞாபகத்துலயோ என்னமோ, திருவிதாங்கூர்ல பழி சுமந்த நம்பூதிரிமாரு அந்தக் கோயில்ல கொதிக்கற நெய்க்குள்ள கைய விட்டுத் தாங்க சுத்தம்னு காட்டணும்னு ஒரு வழக்கம் இருந்துது. கைமுக்குன்னு பேரு. கை வேகலன்னா குத்தமில்ல. சுவாதித் திருநாள் ராசா காலத்துல நிறுத்துனாக, புண்ணியம். நெய்யி அப்பாவி கை, பாவி கைன்னு பாத்தா வேகும்? நெய்யக் காச்சுதவன் கிட்ட அனுசரணையா இருந்தவன் கை மட்டும் வேகாம இருந்திருக்கும்னு எனக்கு ஒரு சம்சயம். தேங்கா கேசுல பழகுன புத்தி, அப்பிடித்தான் போவும்.

பொட்டப்புள்ளைகளுக்கு வச்ச சொல்ல ஏன் விடணும்? அஞ்சு வயசுல இருந்து ஏழு வயசு வரைக்கும் பொம்பளப்புள்ளைக்குப் பேதைன்னு பேரு வச்சாக. அதே பேதைய வள்ளுவர் மடப்பயலுக்கு வச்சு, பேதைமைன்னு 84-ஆவது அதிகாரம் பாடிட்டாரு. ஒண்ணும் அறியாத புள்ளைக்கும் எதையும் அறிய மாட்டேங்க தடியனுக்கும் ஒரே பேரு. உங்க சட்டத்துலயும் அந்த ஏழு வருது பாத்தியா? 1860-ல வெள்ளக்காரன் எழுதுன தண்டனைச் சட்டத்துல 82, 83-னு ரெண்டு பிரிவு. 2024 சூலையில இருந்து வந்த பாரதிய நியாய சன்ஹிதாவுல அது 20, 21. ஏழு வயசுக்குள்ள புள்ள என்ன செஞ்சாலும் குத்தமில்ல. ஏழுக்கு மேல பன்னெண்டுக்குள்ளன்னா, செய்யுதது என்னன்னு வெளங்குத பக்குவம் இருந்துதான்னு பாக்கணும். நம்பர் மாறுச்சு, வயசு மாறல. உனக்கு இப்ப இருபத்தேழு. சட்டப்படி நீ அப்பாவியா இருக்கதுக்கு இருபது வருசம் பிந்திட்ட.

அச்சம் மடம் நாணம் பயிர்ப்புன்னு அடுக்குவாகளே, அதுல மடம்னா ஒண்ணுந்தெரியாமன்னு நெனைக்காத. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கதுதான் மடம்னு படிச்சவுக பொருள் சொல்லுதாக. உங்காச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னு நான் நாப்பது வருசம் நெனச்சுக்கிட்டு இருந்தேன். ஒருநா என் சட்டப்பையில கெடந்த கடன் சீட்ட அட்சரம் பிசகாம வாசிக்கா! இத்தன வருசமா ஏன்டி சொல்லலன்னு கேட்டா, 'நீரு கேக்கலயே'ங்கா. மடம்னா அதுலே.

வெளியூர்க்காரனும் இந்த விசயத்துல நம்மள விட ஒசத்தி ஒண்ணும் இல்ல. இங்கிலீஷ்ல சில்லின்னா முட்டாள்தனம்னுதான நீங்க சொல்லுதிய? ஆதியில அதுக்குப் பொருளு பாக்கியவான், ஆசீர்வதிக்கப்பட்டவன். அங்க இருந்து ஒண்ணும் அறியாதவன், பெறவு பாவப்பட்டவன், பெறவு முட்டாளுன்னு படி படியா எறங்கியிருக்கான். நீதான் போன பொங்கலுக்கு வாசிச்சுக் காட்டுன, மறந்துட்டியா? இன்னசென்ட் மட்டும் தப்பிச்சுது. கெடுதல் பண்ணாதவன்னு லத்தீன்காரன் நேராவே வச்சிட்டான். ரோமாபுரியில போப்பாண்டவருங்க பதிமூணு பேரு அந்தப் பேர வச்சுக்கிட்டாக. நம்ம செங்கோட்டையத் தாண்டுனா மலையாளத்துல இன்னசென்ட்னே ஒரு நடிகரு, 2014-ல சாலக்குடி எம்.பி. ஆனாரு, போயிச் சேந்து கொஞ்ச வருசம் ஆச்சு. நெனச்சுப் பாரு, 'இன்னசென்ட் போட்டியிடுதாரு'ன்னு போஸ்டர் ஒட்டலாம். நம்ம ஊருல 'அப்பாவிக்கு ஓட்டுப் போடுங்க'ன்னு ஒட்டுனா டெப்பாசிட் வருமா?

ஆக என்ன பண்ணணும்னு கேக்க? அடுத்த வாட்டி பொண்ணு வீட்டுக்காரவுக விசாரிக்க வாராகன்னா, நீ முந்தின நாளே முக்குக் கடைக்குப் போ. கணக்குல எழுதுன காப்பிக்குத் துட்டுக் குடுத்துருவியே, அத நிறுத்து. நாலு பேரு கேக்க யாரையாச்சும் ஒரு சத்தம் போடு. சீட்டாட்டம் நடக்க எடத்துல போயி அஞ்சு நிமிசம் சும்மாவாச்சும் நில்லு. 'பையன் கொஞ்சம் வெவரம்'னு ஒரு சொல்லு கெளம்பட்டும். வெவரம்னா பாரு, அதுல நல்லதும் இல்ல கெட்டதும் இல்ல, பெண்ணப் பெத்தவனுக்குத் தேன் மாதிரி இனிக்கும். எங்க மாமனாரு என்னயப் பத்தி விசாரிச்சப்ப தேங்கா விசயத்த எவனோ சொல்லியிருக்கான். 'தொரட்டியில பறிச்சுட்டு சூடத்தையும் அணைச்சானா? பொழச்சுக்கிடுவான்'னு அன்னைக்கே தாம்பூலம் மாத்திட்டாரு.

என்னலே அப்பிடிப் பாக்க?

வடையில இருந்து வத்தல எடுத்து எலையோரம் வச்சது எனக்கு எப்பிடித் தெரியும்னா? அட, வக்கீல் மூள இப்பத்தான் எந்திரிக்கு. கண்ணுல பொற விழுந்தவனுக்கு வத்தல் தெரியுமான்னா? பக்கத்துல உக்காந்தா தெரியும்.

சத்தம் போடாத. குறுக்கு விசாரணையெல்லாம் கோர்ட்டுல வச்சுக்கோ. சரி, சொன்னது நாந்தான்னே வச்சுக்க. அதுலயும் ஒரு பாயிண்டு இருக்கில்லா? நான் வடமொழிக் கதவு வழியாச் சொன்னனா, தமிழ்க் கதவு வழியாச் சொன்னனா? உன்னய வாழ்த்துனனா, வஞ்சனா? நிரூபிக்க வேண்டியது உன் பக்கம். அது வரைக்கும் சந்தேகத்தோட பலன் எனக்கு. நீதான சொல்லித் தந்த, போன கார்த்திகையில, இதே கட்டில்ல?

'அடப் பாவி மனுசா, நீருதானா அது?'

கேட்டியா, அடுக்களையில இருந்து தீர்ப்பு வந்துருச்சு. 'அட'வச் சேத்துட்டா சுட்டும் கெடையாது, மறுப்பும் கெடையாது, அப்பீலும் கெடையாது. எந்திரி, வெளிய எறங்கிருவோம். அந்தப் பேப்பரையும் எடுத்துக்கோ, முக்குக் கடையில வச்சுப் படிச்சுக் காட்டு. காப்பித் துட்டு நீ குடுத்துரு. நான் ஒரு பாவமும் அறியாதவன், மடியில காலணா கெடையாது.